சங்குக்குப் பின் நாற்பது நிமிடம்

மேலாற்றில் மூடு சங்கு ஊதிய பிறகும் நாற்பது நிமிடம் மிச்சம் இருக்கிறது என்பது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். தெரியாதது போல நடித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னறிவிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் நாங்கள் மட்டும்தான்.

அந்த நாற்பது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் இயந்திரம் காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, இன்று பொடி என்ற பூச்சி எத்தனை மணிக்குப் பறக்க ஆரம்பிக்கும் என்று சொல்லும். நாலு மணி என்று அது சொன்னால், எதற்கு வம்பு என்று நான் அதில் இருபது நிமிடம் குறைப்பேன். எனக்கு மேலே இருக்கும் குலசேகரன் சார் ஒரு பதினைந்து குறைப்பார். சங்கு ஊதும் ரபீக் பாய் யாரையும் கேட்காமல் ஐந்து நிமிடம் முந்தி ஊதிவிடுவார். ஆக, நாலு மணிக்கு மூட வேண்டிய மலை மூன்று இருபதுக்கே மூடிவிடும். மூன்று பேரில் யாரும் அயோக்கியர் இல்லை. மூன்று பேரும் பயந்தவர்கள். எங்களுக்குள் இதற்குக் ‘கைப்பிடி’ என்று பெயர். அரிசியை அளந்து போட்ட பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பிடி போடுகிறோமே, அது.

ஊர் முட்டாள் இல்லை. பதினோரு வருடத்தில் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டது. சங்கு ஊதினால் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருக்கும். மேலாற்றுக்காரனுக்கோ சங்கு என்பது வீட்டுக்குக் கிளம்பச் சொல்லும் மணி. விறகுக்குப் போனவன் சங்கு ஊதிய பிறகுதான் கட்டைத் தலையில் ஏற்றுவான். என் வீட்டுக்காரர் சாலமோன் பள்ளிக்கூட வாத்தியார். எதையும் விதிப்படி செய்கிற மனிதர். அவரே அப்படித்தான். அவருக்கு இந்த நாற்பது நிமிடத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். கல்யாணமான புதிதில், என் வேலையின் ரகசியம் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்வதற்காகச் சொன்னேன்.

பொடி என்றால் கொசு என்று கீழே சமவெளியில் நினைக்கிறார்கள். கொசுவாக இருந்தால் கும்பிட்டுக் கூப்பிடுவோம். இது கொசுவலையின் கண்ணுக்குள்ளேயே நுழைந்து வரும். என் அப்பா காலத்தில் கடித்தால் அரிக்கும், சொறிந்துவிட்டுப் போவார்களாம். அணைச் சேற்றில் அது எப்படி மாறியது என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். இப்போது முப்பது கடிக்கு மூச்சு இழுக்கும், நூறு கடிக்கு நெஞ்சு அடைத்துவிடும். நூறு கடி கடிக்க ஒரு கூட்டத்துக்கு இரண்டு நிமிடம் போதும்.

ஆனால் காற்று வீசினால் அதனால் பறக்க முடியாது. வெயில் அடித்தால் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்துக்குத்தான் திறப்பு என்று பெயர். கல்யாணமோ சாவோ சந்தையோ, எங்களுக்கு எல்லாமே திறப்பில்தான்.

நான் சொல்லப்போகும் புதன்கிழமைக்கு ஒரு மாதம் முன்பு தங்கபுஷ்பம் என்ற பெண் பிரசவ வலியோடு ஒன்பதாம் கேட்டில் செத்துப்போனாள். மலைச்சாலையில் ஊருக்குள் நுழையும் இடங்களில் எல்லாம் கேட் உண்டு. சங்கு ஊதியதும் அவை தானாக இறங்கிப் பூட்டிக்கொள்ளும். பிறகு அடுத்த திறப்புச் சங்குக்குத்தான் திறக்கும், நடுவில் ஊரில் யார் நினைத்தாலும் திறக்காது. காட்டுப்பாதைகளில் கேட் கிடையாது. அதனால் காட்டிலிருந்து வருபவனுக்கு நாற்பது நிமிடம் உண்டு, கேட்டைத் தாண்ட வேண்டியவனுக்கு இல்லை. கேட்டின் கேமரா எடுத்த படத்தை நான் பார்த்தேன். கண் கூசும் வெயிலில் ஜீப் நிற்கிறது. காற்றில் அதன் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஒரு பொடி கூடப் பறக்க முடியாத அந்த நாற்பது நிமிடமும் அவள் உள்ளே கிடந்தாள். அதில் இருபது நிமிடம் என்னுடையது.

அதற்குப் பிறகு நான் குலசேகரன் சாரை நிம்மதியாக இருக்க விடவில்லை. கைப்பிடியே வேண்டாம், இயந்திரம் சொல்லும் நேரத்தை அப்படியே போடுவோம் என்று ஒரு மாதம் சண்டை போட்டேன். செவ்வாய்க்கிழமை மாலை அவர் இறங்கி வந்தார்.

“சரி எஸ்தர்ம்மா. நாளையிலேர்ந்து நெச நேரத்தையே போடுவோம். பாய்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா மாத்தினோம்னு வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது.”

“ஜனங்களுக்குச் சொல்ல வேணாமா சார்? நாப்பது நிமிஷம் இருக்குன்னு நெனச்சுட்டு இருப்பாங்களே.”

“இத்தனை வருஷமா நாப்பது நிமிஷத்தை ஒளிச்சு வெச்சிருந்தோம்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா? முதல்ல தங்கபுஷ்பம் வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?”

நான் கையிலிருந்த கணக்குத் தாளை மடித்தேன்.

“தோட்டத்துல வேலை செய்யறவங்களுக்குப் பக்கத்துலயே பொடி நுழையாத அடைப்பு அறை இருக்கு. சங்கு ஊதினா உள்ள போகணும்னுதானே பலகை வெச்சிருக்கோம்? போகட்டும். விதியை மீறிச் சுத்தறவனுக்காக நான் கணக்குப் போட முடியாது.”

ஜெயித்த சந்தோஷத்தில் நான் தலையாட்டிவிட்டேன். சாலமோனிடம் மட்டும் காதோடு சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வியாழக்கிழமை தன் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேரைச் சாம்பல்பாறை அருவிக்கு டூர் கூட்டிப்போவதாக இருந்தார். எங்கள் மகள் ஜெமியும் அதில் ஒருத்தி. நல்ல காற்றும் வெயிலும் சேர்ந்த ஒரு நீளத் திறப்புக்காக நாலு மாதமாகக் காத்திருந்த டூர் அது. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் அருவியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். புதன் காலை ஜெமியின் இடது கால் ஷூவைத் தேடியதிலேயே நேரம் போய்விட்டது. டூர் நாளைக்குத்தானே, ராத்திரி சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

எட்டேகாலுக்கு, வழக்கம்போல, கருங்காட்டு லயத்திலிருந்து அன்னபாக்கியம் போன் செய்தாள். தேயிலைத் தோட்டத்துக் கடைசி வரிசை வீடுகள் அவை. அங்கே வைத்திருக்கும் பொறியில் இரவு விழுந்த பொடியை எண்ணிச் சொல்வது அவள் வேலை. தங்கபுஷ்பத்தின் தங்கை. அவளும் நிறைமாதம்.

“நூத்தி நாலு அக்கா. ஒண்ணு ரெண்டு கால் இல்லாம கெடந்துச்சு, அதையும் சேர்த்துட்டேன்.”

“காலா கடிக்குது? சேர்த்துக்கோ.”

சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அக்கா, போர்டுல பத்து பத்துலேர்ந்து மூணு நாப்பது வரைக்கும்னு போட்டிருக்கே. இவ்வளவு நீளமா நான் பார்த்ததே இல்ல. நெசமா?”

“நெசம்தான்.”

“பத்து பத்துக்கு எடுத்தா ரெண்டரைக்குள்ள ஒன்பதாம் கேட்டைத் தாண்டிடலாம்னு ஜீப்புக்கார சூசையண்ணன் சொல்லுது. நர்ஸம்மா இன்னும் பத்து நாள் இருக்குன்னாங்க. ஆனா இதை விட்டா அடுத்த திறப்பு எப்பவோ? முன்னாடியே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் உக்காந்துக்கறேன். எங்கக்காவுக்கு ஆனது எனக்கு ஆக வேணாம்.”

“கிளம்பு பாக்கியம்.”

“மூணு நாப்பதுன்னா மூணு நாப்பதுதானே அக்கா? அதுக்கு முன்னாடி கேட்டு விழுந்துடாதே?”

“மூணு நாப்பதுன்னா மூணு நாப்பதுதான். என்னை நம்பிக் கிளம்பு.”

பதினோரு வருடத்தில் ஒரு நேரத்தைச் சொல்லி அதை நம்பு என்று நான் வாய்திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று காலை எனக்கு உடம்பே லேசாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அடுத்த நாட்களின் கணக்கு வந்தது. காற்று நின்றுவிடும், மேகம் கவியும், வியாழன் முதல் ஐந்து நாள் முழு மூடல். அதைப் பலகைக்கு அனுப்பிவிட்டு மற்ற பொறிகளின் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். டீ குடிக்க வெளியே வந்து போனை எடுத்தபோது மணி இரண்டு முப்பத்தைந்து. சாலமோன் பன்னிரண்டு பத்துக்கு அனுப்பியிருந்தார்.

‘நாளைக்கு மூடல் என்று போட்டுவிட்டீர்கள். அதனால் பிள்ளைகளை இன்றே அருவிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். சங்கு ஊதியதும் புறப்பட்டால் நாலு இருபதுக்கு வந்துவிடுவோம். ஜெமிக்கு ஷூ கிடைத்துவிட்டது.’

நாலு இருபது. மூன்று நாற்பதோடு நான் சொல்லிக்கொடுத்த நாற்பதைக் கூட்டிப் போட்டிருந்தார்.

உடனே அவருக்குப் போன் போட்டேன், போகவில்லை. அருவிப் பக்கம் டவர் கிடையாது என்று தெரிந்தும் பதினாலு தடவை போட்டேன். வேன் டிரைவருக்குப் போட்டேன். அருவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வனத்துறைக் குடிசைக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பைக்கில் போனால்? பதினேழு கிலோமீட்டர், அதில் பாதி காட்டுப்பாதை, எப்படிப் பறந்தாலும் போய்ச் சேர முக்கால் மணி நேரம், அதற்குப் பிறகுதான் அவர்கள் கிளம்ப முடியும். மூன்று நாற்பதுக்கு அவர்கள் ஊரை நெருங்கும் மாதா கோவில் வளைவுக்குக்கூட வந்திருக்க மாட்டார்கள். மூங்கில் சரிவில், ஈரமான நிழலில், ஓட்டை வலை கட்டிய பள்ளி வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். அங்கேதான் பொடி முதலில் எழும்பும். இது வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும், அந்தச் சரிவின் எண்களைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.

அருவி வரைக்கும் எட்டும் பொருள் இந்த மலையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சங்கு. அதை மூன்று மணிக்கு ஊத வேண்டும். ஊதினால் சாலமோன் உடனே கிளம்புவார், மூன்று நாற்பதுக்கு வீடு.

குலசேகரன் சாரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன்.

“சார், மூணு மணிக்கு ஊதணும்.”

“நேத்து நீங்கதானேம்மா சண்டை போட்டீங்க?”

“ஆமா சார்.”

“அளவையெல்லாம் நல்லாத்தானே இருக்கு? காத்து பதினாலு கிலோமீட்டர் வேகத்துல அடிக்குது.”

“எம் பொண்ணு வெளிய இருக்கா சார். பத்தொன்பது புள்ளைங்க. நாப்பது நிமிஷம் இருக்குன்னு நெனச்சுட்டு இருக்காங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன், சொன்னவ நான்தான் சார்.” அழுதுவிட்டேன். அலுவலகத்தில் அழுகிற பெண்களைப் பற்றி நானே எத்தனையோ கேலி பேசியிருக்கிறேன்.

அவர் என்னைப் பார்த்தார். மேசையில் இருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். எழுந்தார்.

“நான் டீ குடிக்கப் போறேன். நீங்க என்கிட்ட ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் சொல்லல.”

போய்விட்டார். சங்கு அறை மாடியில் இருக்கிறது. படி ஏறும்போது மணி இரண்டு ஐம்பத்தைந்து.

ரபீக் பாய் விஷயத்தைக் கேட்டதும் சங்கின் பிடியில் கையை வைத்தார். வைத்தவர் இழுக்கவில்லை.

“அந்தக் கருங்காட்டுப் பொண்ணு இன்னிக்கு வருதுன்னு சொன்னீங்களேம்மா. ஜீப்பு கேட்டைத் தாண்டிருச்சா?”

ரெண்டரைக்குள் தாண்டிவிடலாம் என்று சொல்லியிருந்தாள். இப்போது மூன்று ஆகப்போகிறது. ஆகவே தாண்டியிருப்பாள். எனக்கு வேண்டிய விடை வருகிற மாதிரி கணக்கைப் போட்டுக்கொண்டேன்.

“தாண்டிருக்கும் பாய்.”

“தெரியுமா, இல்ல நெனைக்கிறீங்களா?”

அவருக்குப் பக்கத்துச் சுவரிலேயே கேட்டுகளுக்குப் பேசும் போன் தொங்கியது. ஒன்பதாம் எண்ணை அழுத்திக் கேட்டால் அரை நிமிட வேலை. நான் அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் பதில் வந்திருக்கும். அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டு என்னால் ஊதச் சொல்லியிருக்க முடியாது, ஊதாமலும் இருந்திருக்க முடியாது.

“தெரியும் பாய். ஊதுங்க.”

ஊதினார்.

அந்தச் சத்தம் மலை மலையாக முட்டித் திரும்பி வந்ததைக் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது அருவியில் கேட்டிருக்கும். இப்போது சாலமோன் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பார். இப்போது ஜெமி இன்னும் அஞ்சு நிமிஷம் அப்பா என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். இழுத்துக்கொண்டு வாங்க, அடித்தாலும் பரவாயில்லை, இழுத்துக்கொண்டு வாங்க என்று வாய்விட்டே சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே சவுக்கு மரங்கள் காற்றில் வளைந்து வளைந்து நிமிர்ந்தன. வெயில் சுள்ளென்று அடித்தது. சங்கு ஊதிய பிறகும் அவ்வளவு அழகான நேரம்.

அன்று மலையில் வேறு யார் யார் சங்கை நம்பிக் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. விறகுக்குப் போனவர்கள் இருந்திருக்கலாம். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் ஊதினேன் என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த ஐந்து நிமிடத்தில் என் தலைக்குள் ஒரு இடது கால் ஷூதான் இருந்தது.

மூன்று ஆறுக்குச் சுவரில் இருந்த போன் அடித்தது. எடுத்துக் கேட்ட பாய் அதை என்னிடம் நீட்டினார்.

“மேடம், ஒன்பதாம் கேட்டுலேர்ந்து துரைப்பாண்டி பேசறேன். மூணு நாப்பதுன்னுதானே போட்டிருந்தீங்க? கேட்டு விழுந்துருச்சு. இங்க ஜீப்பு ஒண்ணு வந்து நிக்குது. கர்ப்பிணிப் பொண்ணு, வழியிலேயே வலி வந்துருச்சாம். குலுக்கினா கத்துதுன்னு சூசை மெதுவா ஓட்டிட்டு வந்திருக்கான். நாலு நிமிஷம் மேடம், நாலு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா உள்ள விட்டிருப்பேன்.”

பின்னால் ஒரு குரல் கேட்டது. வலியில் கத்துகிற குரல் இல்லை, யாரிடமோ நிதானமாக விளக்குகிற குரல். “இல்லண்ணே, அக்கா மூணு நாப்பதுன்னு சொன்னாங்க. நான் கேட்டேன்ல, அக்கா சொன்னாங்க.”

படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்த குலசேகரன் சாரை நடையிலேயே மறித்தேன்.

“திறப்புச் சங்கு ஊதுங்க சார். கேட்டுல பாக்கியம் நிக்குது. அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம்தான் சார். இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு. ஊதினா கேட்டு திறந்துடும்.”

அவர் தனக்கே உரிய அமைதியோடு பேசினார். நான் அவரை அடித்திருப்பேன், அவர் சொன்னது தவறாக இருந்திருந்தால்.

“திறப்புச் சங்கு ஊதினா ஊர் என்னம்மா நெனைக்கும்? பொழுது சாயற வரைக்கும் திறப்புன்னு நெனைக்கும். உள்ள போன ஆறாயிரம் பேரும் வெளிய வருவாங்க. பசங்க பந்து எடுத்துட்டு ஓடுவாங்க. அரை மணியில காத்து நின்னுடும். மறுபடியும் மூடு சங்கு ஊதினா, நாப்பது நிமிஷம் இருக்குன்னு நிதானமா நடந்து வருவாங்க. உங்க வேன் வேற ரோட்டுல இருக்கு. திறப்புன்னு கேட்டா உங்க வீட்டுக்காரரு வண்டியை மறுபடியும் அருவிக்குத் திருப்ப மாட்டாருன்னு உங்களால சொல்ல முடியுமா?”

என்னால் சொல்ல முடியவில்லை. ஆறாயிரம் பேருக்காகச் சொல்ல முடியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. வேன் திரும்பிவிடும் என்ற பயத்தில்தான் வாயை மூடினேன். மூடிய கேட்டைத் திறக்கும் சாவி கீழே பொள்ளாச்சியில் இருக்கும் ஒரே ஒரு அடைப்பு வண்டியில்தான் உண்டு, அதற்கு அவர் போன் செய்தார். மேலே வந்து சேர ஐந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். துரைப்பாண்டியும் சூசையும் அவளைத் தூக்கிக்கொண்டு கேட்டின் அடைப்பு அறைக்குள் போனார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெஞ்சு, ஒரு குடம் தண்ணீர்.

மூன்று பதினான்குக்கு என் போன் அடித்தது.

“என்ன எஸ்தர், இத்தனை தடவை போன் போட்டிருக்கே?” சாலமோன்தான். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். “நாங்க ஸ்கூலுக்கு வந்தாச்சு.”

“வந்தாச்சா? அதுக்குள்ளயா? சங்கு ஊதினப்ப எங்க இருந்தீங்க?”

“மாதா கோவில் வளைவுல. கிளாடிஸ் பாசியில வழுக்கி விழுந்து தாடை கிழிஞ்சிருச்சு. ரத்தம் நிக்கல. அதான் ரெண்டரைக்கே எல்லாரையும் ஏத்திட்டு வந்துட்டேன். ஆமா, ஏன் இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் ஊதினீங்க?”

நான் பதில் சொல்வதற்குள் ஜெமி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அம்மா! தண்ணி மேலேர்ந்து விழுதும்மா! நிக்கவே மாட்டேங்குதும்மா, விழுந்துட்டே இருக்கு!”

அப்படியா கண்ணு என்றேன். அப்படியா, அப்படியா என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தையும் சவுக்கு மரங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். மூன்று இருபதுக்கு ஆடியது. மூன்று முப்பதுக்கு ஆடியது. மூன்று முப்பத்தெட்டுக்குக் கிளைகள் அசைவதை நிறுத்தின. எங்கள் இயந்திரம் இரண்டே நிமிடம்தான் தவறியிருந்தது.

அடைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அன்னபாக்கியத்துக்கு உயிர் இருந்தது. குழந்தைக்கு இல்லை. பெண் குழந்தை. அழவே இல்லை என்று துரைப்பாண்டி சொன்னான். சொல்லிவிட்டு அவன் அழுதான்.

‘காற்றின் வேகம் குறையும் அறிகுறி தென்பட்டதால் முன்கூட்டியே மூடப்பட்டது’ என்று குலசேகரன் சார் பதிவேட்டில் எழுதினார். அதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது. அடுத்த திறப்பிலிருந்து கைப்பிடி திரும்ப வந்துவிட்டது. போனதும் ஊருக்குத் தெரியாது, வந்ததும் தெரியாது. நான் இருபது குறைக்கிறேன், சார் பதினைந்து, பாய் ஐந்து. பாய் இப்போதெல்லாம் என்னை நேராகப் பார்ப்பதில்லை. ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துக் கேட்கிறார்.

சாலமோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “கேட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதைத் தவிர வேறு எதையாவது சொல்லித் திட்டியிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க என்னக்கா பண்ணுவீங்க, காத்து திடீர்னு நின்னுருச்சாமே” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். குழந்தையை டவுன் மயானத்தில் புதைத்தார்கள். அவளைக் கருங்காட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

ஐம்பது நாள் கழித்து, எட்டேகாலுக்குப் போன் அடித்தது. அதுவரை அவள் கணவன்தான் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“எழுபத்தி ரெண்டு, மேடம்.”

குரல் தெரிந்தது. மேடம் என்ற சொல்தான் புரியவில்லை, கொஞ்ச நேரத்துக்கு.

“பாக்கியம், எப்படிம்மா இருக்கே?”

“இருக்கேன் மேடம். சூசையண்ணன்கிட்ட பேசிட்டு இருந்தேன். அன்னிக்குக் கேட்டுல நின்னப்போ தார்ப்பாய் படபடன்னு அடிச்சுட்டே இருந்துச்சாம். அரை மணிக்கு மேலயாம். எங்கக்கா செத்தப்பவும் அப்படித்தான் அடிச்சுதாம்.”

அவள் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

“இன்னிக்குக் கிளம்பி டவுனுக்கு வந்து பாப்பா இருக்கற எடத்தைப் பார்க்கலாம்னு நெனச்சேன். போர்டுல மூணு இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. நெசம் எத்தனை மேடம்?”

எனக்கு எதிரே திரையில் நாலு மணி என்று இருந்தது. விதிப்படி அதை வெளியே சொல்லக் கூடாது.

“நாலு,” என்றேன். “சத்தியமா நாலு, பாக்கியம். மூணு இருபதுக்குத்தான் கேட்டு விழும், அதுக்கு முன்னாடி விழாது. நான் இங்கேயே இருக்கேன், நான் பார்த்துக்கறேன். நீ ரெண்டரைக்குள்ள தாண்டிடலாம்.”

அந்தப் பக்கம் அவள் ஏதோ எண்ணுவது போல மெதுவாக மூச்சு விட்டாள்.

“சரிங்க மேடம். நான் ரெண்டுன்னு வெச்சுக்கறேன். ரெண்டுன்னா கேட்டுக்கு வந்து சேர முடியாது. இன்னொரு நாள் பார்த்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.